பெண் வீட்டாருக்கு அனுப்பிய படங்கள்

ஒவ்வொரு தை மாதமும், பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று பேரைப் படம் எடுப்பேன். அப்பா, அம்மா, தம்பி. மூன்று பேரும் வீட்டு முன்வாசலில் நிற்பார்கள். தம்பிக்கு இருபத்தேழு வயது நடக்கும்போது ஆரம்பித்த வழக்கம் இது. இப்போது அவன் நாற்பதைத் தாண்டிவிட்டான். நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் ஒருநாள் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, 'எவ்வளவு நல்ல பழக்கம், வருசா வருசம் குடும்பத்தை இப்படி எடுத்து வைக்க யாருக்கு மனசு வரும்' என்று உருகினார். சிரிப்பதா எரிந்து விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவை எங்களுக்காக எடுத்த படங்கள் அல்ல. தம்பிக்குப் பெண் தேடுவதற்காக எடுத்தவை. ஜாதகத்தோடு இரண்டு படம் வேண்டும் என்பார் தரகர். பையன் தனியாக நிற்பது ஒன்று, அப்பா அம்மாவோடு வீட்டு முன்னால் நிற்பது ஒன்று. போன வருடத்துப் படத்தைக் கொடுத்தால் வாங்க மாட்டார். 'இது எல்லா ஊட்டுக்கும் போயிட்டு வந்த போட்டோங்க. மறுக்கா இதையே காட்டுனா பையன்கிட்ட என்னமோ கொறை இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க' என்பார். அதனால் தை பிறந்ததும் புதுப் படம்.

நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பதும் என் தலையில்தான் விழும். அந்த ஒரு தகுதியை வைத்து வீட்டில் என்னைப் போட்டோகிராபர் ஆக்கிவிட்டார்கள். முதலில் நாமக்கல்லில் ஸ்டூடியோவுக்குப் போய்த்தான் எடுத்தார்கள். தம்பி அதில் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுகிற ஆள் மாதிரி விழுந்திருந்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'அம்மணி, நீயே ஒண்ணு எடு. நீ எடுத்தாத்தான் அவன் சிரிப்பான்' என்றாள். சேலத்தில் என் வீடு இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, என் வீட்டுக்காரரின் டிஜிட்டல் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். 'பல்லை ரொம்பக் காட்டாதடா, பொண்ணூட்டுக்காரங்க பயந்துக்குவாங்க' என்றேன். அவன் இன்னும் அதிகமாகச் சிரித்தான். அந்த முதல் படத்தில் என் தம்பி உண்மையிலேயே அழகாக இருக்கிறான். அக்கா என்பதால் சொல்லவில்லை.

அந்த வருடங்களில் வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள். இதை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பெண் நிறம் கம்மி. ஒரு பெண்ணுக்கு ஜாதகத்தில் ஏதோ கட்டம் சரியில்லை. ஒரு பெண்ணின் அப்பாவுக்குக் காடு தோட்டம் போதாது. இன்னொரு பெண் பி.எட். முடித்திருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றாள். 'வேலைக்குப் போறவ பண்ணையில எப்படிக் கூடமாட நிப்பா' என்று அம்மா தட்டிக் கழித்துவிட்டாள். தம்பி அந்தப் பெண்ணின் படத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்க மாட்டான். சோறு பத்தவில்லை என்றால்கூட எழுந்து கை கழுவிக்கொண்டு போகிற ஜென்மம் அது. ஊரில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன் என்றால் வாசலில் வரிசை நிற்கும் என்று அம்மா நினைத்திருந்தாள். நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

வரிசை நிற்கவில்லை. மூன்று நான்கு தை போனதும் காற்று திரும்பிவிட்டது. இப்போது வேண்டாம் என்பது பெண் வீட்டாரின் முறை. கோழிப்பண்ணையா, வாடை அடிக்குமே. ஈ மொய்க்குமே. மாப்பிள்ளை டிப்ளமோதானா? கிராமத்திலேயேவா இருக்கணும்? எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாம் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களில் விடியற்காலையில் எழுந்து படித்து மார்க் வாங்கி, கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நானும் பண்ணை வீட்டில் பிறந்து, ஈயும் வாடையும் வேண்டாமென்றுதான் சேலத்தில் கட்டிக்கொண்டு போனேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்தில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் என் தம்பி வயதுப் பையன்கள் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறார்கள். அந்த வயதுப் பெண்கள் எங்கே? பிறக்கவே விடவில்லை. அந்தக் காலத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து, பெண் என்றால் கலைத்துவிட்டுத் தோட்டத்து வேலையைப் பார்க்கப் போன வீடுகள்தான் இன்றைக்குத் தரகர் போனை எடுக்கவில்லையே என்று புலம்புகின்றன. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. எனக்கும் தம்பிக்கும் இடையில். அம்மா அதைப் பற்றி ஒரே ஒருமுறை, ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டே, 'எல்லாரும் பண்ணுனாங்க, நாங்களும் பண்ணுனோம்' என்றாள். அதற்குத்தான் இது தண்டனை என்று எனக்கு நினைக்கத் தோன்றும். ஆனால் தண்டனை என்றால் அது ஏன் அவன் தலையில் வந்து விழ வேண்டும்? அவன் என்ன செய்தான்? கோபம் வரும்போது இதைக் கேட்டுக் கேட்டு நானே ஓய்ந்துபோவேன்.

பெண் வீட்டார் எதைச் சொல்லித் தட்டினார்களோ அதை அப்பா அடுத்த தைக்குள் சரி செய்துவிடுவார். ஓட்டு வீடாக இருக்கிறதே என்றார்கள், மாடி எழும்பியது. குளிக்கிற அறை வெளியே இருக்கிறதே என்றார்கள், உள்ளே வந்தது. கார் இல்லையே என்றார்கள், வெள்ளைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. படத்தில் அது தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று பேரையும் இடப்பக்கம் தள்ளி நிற்க வைப்பேன். பின்னால் கோழிக்கொட்டகை தெரியக் கூடாது என்பது தரகரின் கண்டிஷன். அப்பா எப்போதும் கொட்டகையை மறைத்துத் தென்னை மரம் வரும்படி நிற்பார். தம்பி சட்டையில் ஈ உட்கார்ந்தால் திரும்ப ஒரு படம்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் வீடு வருடா வருடம் இளமையாகிக்கொண்டே வரும். முன்னால் நிற்கிறவர்கள் கிழடாகிக்கொண்டே போவார்கள். அப்பாவுக்கு முதுகு வளைந்தது. அம்மாவுக்கு முன்பல் ஒன்று போனது, அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தம்பிக்கு நெற்றி ஏறியது, பிறகு வயிறு வந்தது. ஒரு வருடம் அவன் என்னைக் கேட்காமலேயே கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றான். முன்மண்டை தெரியாமல் இருக்கட்டும் என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். 'நேரா நில்லுடா, ஆர்டிஸ்டு மாதிரி போஸ் குடுக்காத' என்று திட்டினேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவன் அக்காவோ தங்கையோ சேர்ந்து உட்கார்ந்து செய்கிற சீர். அது நடக்காமல் தாலி கட்ட மாட்டார்கள். அதற்காக அம்மா எனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்தாள். அந்தப் புடவை மடிப்பிலேயே இற்றுப்போனது. வேறு எடுத்தாள். 'இனி நான் இணைச்சீருக்கு உக்காந்தா மாப்பிள்ளைக்கு அம்மா எதுக்கு வந்து உக்காந்திருக்கான்னு கேப்பாங்க' என்று நான் கிண்டல் செய்வேன். முதலில் அம்மா சிரிப்பாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள், நானும் அந்தக் கிண்டலை விட்டுவிட்டேன்.

கேமரா போய் செல்போன் வந்ததும் எனக்கு ஒரு புது வித்தை கிடைத்தது. போனில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் முடி கறுக்கும், கன்னம் ஒட்டும், பத்து வயது குறையும். அந்த வருடத்துப் படத்துக்கு உடனே ஆள் வந்தது. திருச்செங்கோடு பக்கத்திலிருந்து பெண்ணும் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். தம்பிதான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அம்மாள் தண்ணீரை வாங்கிக்கொண்டு, 'நீங்க மாப்பிள்ளையோட அண்ணனுங்களா?' என்று கேட்டாள். 'இல்லீங்க, நான்தானுங்க' என்றான் தம்பி. அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். காபி குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு படத்தில் அவன் சிரித்ததே இல்லை.

தரகர் வயதாகி ஒதுங்கிக்கொண்டார். பிறகு ஒரு அம்மாள் கிடைத்தாள். அவளுக்கு அலைச்சலே கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். படத்தை அனுப்பினால் அடுத்த நிமிடம் கேள்விகள் வரும். அப்பா, 'இனி நம்ம சனந்தான் வேணும்னு இல்லீங்க, சாதகமும் பாக்கறதில்லீங்க, நல்ல எடமா இருந்தாச் சரி' என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். இந்த வார்த்தை எங்கள் அப்பா வாயிலிருந்து வரும் என்று யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டோம். அந்த அம்மாள் கேட்டாள், 'மாமியார் இருக்காங்களா?' அப்பாவுக்குப் புரியவில்லை. 'பையனோட அம்மாங்க. உசுரோட இருக்காங்களான்னு கேட்டேன். இப்பப் புள்ளைங்க எல்லாம் மொத அதைத்தானுங்க கேக்கறாங்க. மாமியார் இல்லாத ஊடுன்னா நாப்பது வயசுன்னாக்கூட ஒத்துக்குவாங்க.' அம்மா அடுக்களை வாசலில் நின்று இதைக் கேட்டாள். நான் போனைப் பிடுங்கி அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்டேன். அவள், 'கோவிச்சுக்காதீங்க அம்மணி, நான் என்ன பண்ண, அவங்க கேக்கறதைத்தானே நான் கேக்க முடியும்' என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

அடுத்த தையில் நான் போனபோது வாசலில் முதுகு வளைந்த அப்பாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார், தம்பி பின்னால் நின்றான். அம்மா வேலைப் புடவையில் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

'வாங்கம்மா, பொழுதாகுது' என்றேன்.

'என்னை உட்டுட்டு எடு சாமி.'

நான் கேட்டும் கேட்காத மாதிரி போனைத் துடைத்தேன். அம்மா கிட்டத்தில் வந்தாள். 'அந்தத் தரகரம்மாகிட்டப் பேசிட்டேன். அம்மா இல்லைன்னே சொல்லிக்கலாம்னு சொல்லியாச்சு. கெழக்கால எங்காச்சும் தள்ளிப் பாக்கச் சொல்லியிருக்கேன். நம்ம ஊடு அவங்களுக்குத் தெரியாது.'

'கல்யாணம் ஆனப்புறம்? செத்தவங்க எந்திரிச்சு வந்துட்டாங்கன்னு சொல்லுவீங்களா?' என்று கத்தினேன்.

'தாலி ஏறட்டும். அப்பறம் வைவாங்க, வாங்கிக்கலாம். ஒரு புள்ளை வந்துட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்.'

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. அவன் சட்டைக் காலரைச் சரி செய்தான், அவ்வளவுதான். அம்மா அதைக் கவனித்தாள். 'பாரு, அவனே நிக்கறான். நீ எடு' என்றாள். அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். தனியாக இருந்து இருந்து ஓய்ந்துபோன முகம் அது. அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெம்பில்லை. எடுத்தேன்.

அந்தப் படத்துக்குக் கெங்கவல்லி பக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும். எங்களைப் போலக் காடு பார்க்கிறவர்கள்தான். பெண் இரண்டாவது மகள், வயது முப்பதைத் தாண்டியவள், படம் அனுப்பியிருந்தார்கள். அமைதியான முகம். தம்பி அந்தப் படத்தைப் போனில் திறந்து பார்ப்பதை நான் பார்த்தேன். பி.எட். பெண்ணுக்குப் பிறகு அவன் ஒரு படத்தை அப்படிப் பார்ப்பது அப்போதுதான்.

அவர்கள் வருகிற அன்று காலையிலேயே அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பண்ணைக்குள் போய்விட்டாள். எங்கள் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது என்பது அவள் ஏற்பாடு. போகும்போது என்னிடம், 'வர்ற ஒறம்பரைக்குக் காபியில சக்கரை எச்சாப் போட்றாத' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெண்ணின் அப்பா தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'அம்மா தவறி எவ்ளோ வருசமாச்சு தம்பி?' என்று அனுசரணையாகக் கேட்டார்.

'நாலு வருசமாச்சுங்க' என்றான் தம்பி.

கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்திருக்கிறான். அப்பா இருமிக்கொண்டே எழுந்து வெளியே போனார். நான் காபி டம்ளர்களை எடுத்து வந்தவர்கள் முன்னால் வைத்தேன்.

தாய்மாமன் கூடத்துச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு சுவரும் புதுப் பெயின்ட். காலண்டர், சாமி படங்கள், ஏ.சி. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, 'அம்மா படம் மாட்டலீங்களா?' என்று கேட்டார்.

எங்கள் மூளைக்கு இது எட்டவே இல்லை. இத்தனை வருடம் படம் படமாக எடுத்தவள் நான். செத்துப்போனவளுக்கு ஒரு படமும் மாலையும் சுவரில் இருக்க வேண்டும் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கூடத்துக்குப் போனாலும் போய்ச் சேர்ந்தவர்கள்தான் முதலில் நம்மைப் பார்ப்பார்கள். அப்படியொரு ஊரில் இருந்துகொண்டு இதை மறந்திருக்கிறோம். 'கண்ணாடி ஒடஞ்சிருச்சுங்க. பிரேம் மாத்தக் குடுத்திருக்கோம்' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'ஓகோ' என்றார் அவர். காபியைக் கீழே வைத்தார்.

பெண்ணின் அப்பா பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றார். பண்ணை வேண்டாம் வெயிலாக இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். 'நாங்களும் காட்டுல இருக்கறவங்கதாம்மா, வெயில் என்ன பண்ணப் போவுது' என்று செருப்பை மாட்டிக்கொண்டார். தாய்மாமனும் கூடக் கிளம்பினார். தம்பியும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

கொட்டகைக்குள் அம்மா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் முதலில் ஒடிசாப் பையன் ஒருவனிடம் ஏதோ கேட்டார். அவன் பல்லைக் காட்டினான். அப்புறம் தமிழ் தெரிந்த ஆளாக அம்மாதான் அவர் கண்ணில் பட்டாள். பெண் கொடுக்கிற எந்த அப்பாவும் செய்கிற காரியம்தான், வேலைக்காரர்களைத் தனியாக விசாரிப்பது. நாங்கள் இரண்டு கூண்டு வரிசை தள்ளி நின்றோம். பேசுவது நன்றாகக் கேட்டது.

'எவ்ளோ வருசமா இங்க வேலை செய்யறீங்கம்மா?'

'கண்ணாலங்கட்டி வந்த நாள்லருந்துங்க.'

'பையன் எப்பிடி? எம்பொண்ணைக் குடுக்கலாம்னு இருக்கேன். உள்ளதைச் சொல்லுங்க.'

'தங்கமான பையனுங்க. குடி கெடையாது, பீடி கெடையாது. வேலையாளுங்களை ஒரு சுடுசொல் சொல்ல மாட்டான்.' நிறுத்திவிட்டுத் திருத்திக்கொண்டாள். 'சொல்ல மாட்டாருங்க.'

'அவங்கம்மா எப்பிடிப்பட்டவங்க?'

அம்மா கையிலிருந்த அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். 'அவங்களை நல்லவங்கன்னு சொல்ல மாட்டேனுங்க. வந்த எடத்தையெல்லாம் அது நொள்ளை இது நொட்டைன்னு தட்டி உட்டது அவங்கதானுங்க. அதுலதான் பையனுக்கு வயசாயிப் போச்சு. இப்ப அவங்க இல்லீங்க. உங்க பொண்ணுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுங்க. தைரியமாக் குடுங்க.'

அவர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார். தம்பி ஒரு கூண்டின் கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்த கோழி அவன் விரலைக் கொத்தியது. அவன் கையை எடுக்கவில்லை. நான் கொட்டகைக்கு வெளியே வந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் பார்த்துவிட்டு, 'அம்மா ஞாபகம் வந்துட்டாப்ல இருக்குது' என்று தன் மைத்துனரிடம் இரக்கத்தோடு சொன்னார்.

அடுத்த வாரம் தரகர் அம்மாள் போன் செய்தாள். அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். 'அவங்களுக்குப் பையனையும் புடிச்சிருச்சு, பண்ணையும் புடிச்சிருச்சுங்க. அந்த மாமங்காரரு மட்டும் ஒத்துக்கலைங்க. நாலு வருசமாப் பெத்த அம்மாவோட படத்தை ஒரு ஆணியில மாட்டாத ஊடு, மனுசருக்கு அங்க என்ன மதிப்பிருக்கும்னு கேட்டாராமா. நெம்ப நல்ல எடம்ங்க. போயிருச்சு.'

அப்பா போனை வைத்தார். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு தீவனம் வாங்கப் போனான். அன்றைக்கு வாங்க வேண்டிய தீவனம் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தது.

இந்தத் தையிலும் போனேன். இந்தமுறை அம்மா குளித்து, இணைச்சீருக்காக எனக்கென்று இரண்டாவதாக எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொய்யை விட்டுவிட்டார்கள், திரும்ப மூன்று பேராகவே நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

'அவங்க ரெண்டு பேரையும் அப்பறமா எடு. என்னை மொதல்லத் தனியா ஒண்ணு எடு அம்மணி. பெருசாப் போடற மாதிரி' என்றாள்.

'எதுக்கும்மா?'

'கூடத்துல மாட்டறதுக்கு. ஒறம்பரை வந்தா மாட்டிக்கலாம், போனதும் கழட்டிக்கலாம். மாலை அவன் வாங்கிட்டு வந்துட்டான். பிளாஸ்டிக்குலயே இருக்குது, வாடாது.'

எனக்கு என்னென்ன வாயில் வந்ததோ அத்தனையும் சொன்னேன். உங்களுக்குப் பைத்தியமா என்றேன். அப்பாவைத் திட்டினேன், தம்பியை மரக்கட்டை என்றேன், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள். 'நாங்க போயிட்டா அவனுக்கு யாரு? நீ வந்து இருப்பியா?'

எனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. நான் வந்து இருக்க மாட்டேன். அம்மாவுக்கும் அது தெரியும்.

'என்னைக்கிருந்தாலும் வேண்டிய படந்தானே சாமி. முடி கொஞ்சம் இருக்கறப்பவே எடுத்துக்கலாம்' என்றாள்.

நான் போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்வதுபோலவே, முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க என்றேன். தூக்கினாள். எல்லாப் படத்திலும் அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒடுங்கி நின்றவள் இப்போது திரை முழுக்க இருந்தாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

'இதுல சிரிக்கலாமா? செத்தவங்க படத்துல சிரிக்கறாங்களா, இல்லையா?'

'சிரிக்கறாங்கம்மா' என்றேன். பல் போனது தெரியாமல் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தம்பி அதை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தான். நல்ல பிரேமாகத்தான் பார்த்து வாங்கியிருந்தான். அம்மா அதைச் சுவரில் வைத்துப் பார்த்து, ஆணி அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, மாலையோடு சேர்த்துத் துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தாள். பிறகு அப்பாவிடமிருந்து போனை வாங்கி, தரகர் அம்மாளை அவளே கூப்பிட்டுப் பேசினாள். 'படம் வந்துருச்சுங்க. இனி எப்ப வேணும்னாலும் கூட்டிக்கிட்டு வாங்க' என்றாள்.